பட்டன் இல்லாத எழுத்து

அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளியம்மா என்று பெயர். வைத்தது யார் என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்த மேசையைக் கைகாட்டுவார்கள். கப்பல்களுக்கு வேலையாட்களை அனுப்பிவைக்கும் அலுவலகம் அது. துறைமுகத்துக்கு எதிரே, கீழே கயிறும் பெயின்ட்டும் விற்கிற கடை, மேல் மாடியில் இவர்கள். சமையல்காரர், எஞ்சின் ரூம் ஆள், மாலுமி என்று உலகத்தின் எந்த மூலையில் இருப்பவருக்கும் 'இன்ன தேதியில் இன்ன கப்பலில் ஏறவும்' என்று மெயில் போடுவது அவள் வேலை. வந்து குவியும் பெயர்களைப் பார்த்தால் நமக்கெல்லாம் தலை சுற்றும். ஒரு எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி, இன்னொன்றின் மேல் நெளிந்துகொண்டு ஒரு கோடு, ஒன்றின் காலில் கொக்கி, ஒரு வட்டத்தை யாரோ குறுக்கே கீறிவிட்ட மாதிரி ஒன்று. மற்றவர்கள் இதையெல்லாம் உதறிவிட்டு மொட்டையாக அடித்து அனுப்பிவிடுவார்கள். அவள் மாட்டாள். புள்ளி இருந்தால் புள்ளி வைப்பாள், கொக்கி இருந்தால் கொக்கி போடுவாள்.

மேனேஜர் முதலில் சிரித்தார், பிறகு முணுமுணுத்தார். "எதுக்கும்மா இவ்வளவு மெனக்கெடறீங்க? அவன் பேரு அவனுக்குத் தெரியாதா?"

"உங்க பேரை நம்ம எழுத்துல ஒரு புள்ளி விடாம எடுத்துட்டு எழுதறேன் சார். வாசிச்சுப் பாருங்க."

மேனேஜர் வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இது ஏதோ கொள்கையில் ஆரம்பித்த விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்பித்து வைத்தவர் ஒரு கப்பல் சமையல்காரர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவருடைய பெயரில் ஒரு எழுத்துக்கு மேலே சாய்வாக ஒரு சின்னக் கோடு இருந்தது, é என்று. அதை எப்படி அடிப்பது என்று தெரியாமல், அவருடைய பழைய மெயிலில் இருந்தே நகலெடுத்து ஒட்டி அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது. பயண விவரம் கிடைத்தது என்று ஒரு வரி. அதன் கீழே, 'என் அம்மா வைத்த பெயரை ஓர் அலுவலகம் முழுசாக எழுதி இன்றைக்குத்தான் பார்க்கிறேன்' என்று இன்னொரு வரி. அன்று வீட்டுக்கு வந்தும் அவளுக்கு அது அடங்கவில்லை. புருஷனிடம் சொன்னாள், மகளிடம் சொன்னாள், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

நகலெடுத்து ஒட்டுவது நாளெல்லாம் முடிகிற காரியமா? வேறு வழி இருக்கிறதா என்று தோண்டினாள். இருந்தது. மெயில் எழுதும்போதே, கீபோர்டில் ஆல்ட் பட்டனை அமுக்கிக்கொண்டு, வலது ஓரத்தில் இருக்கும் எண் பட்டன்களில் நாலு எண்ணைத் தட்டினால், கீபோர்டில் எங்கேயுமே இல்லாத எழுத்து திரையில் வந்து உட்கார்ந்தது. அவள் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாளாம்.

"யாரோ உக்காந்து, உலகத்துல இருக்கிற எழுத்துக்கெல்லாம் நம்பர் போட்டு வச்சிருக்காங்க," என்றாள் புருஷனிடம். "நாலு பேர் பேசற மொழி, நாப்பது கோடிப் பேர் பேசற மொழி, எல்லாத்துக்கும். நம்ம எழுத்துக்குக்கூட இருக்கு. நினைச்சா மலைப்பா இல்லை?"

"நம்பர் போட்டவனுக்கு வீட்ல வேலை சொல்ல ஆள் இல்லை போல," என்றான் அவன், கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பட்டன் என்றால் அவனுக்கு ஒரே அர்த்தம்தான். பின்னால் ஒரு வயர் இருக்கும், வயர் ஓர் இடத்துக்குப் போகும், அமுக்கினால் வேலை நடக்கும். நடக்கவில்லை என்றால் எங்கேயோ துண்டாகியிருக்கிறது, தேடிப் பிடித்து ஒட்டவேண்டும். மனுஷன் ஊரில் பாதிக் கட்டடங்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாலும் கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கமாட்டான். வீட்டில் அவளும் மகளும் திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால், "ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் துடைக்கப் போய்விடுவான்.

கூத்தும் நடக்காமல் இல்லை. அலுவலக மெயிலில் ஆல்ட்டோடு எஸ் பட்டனும் சேர்ந்து அமுங்கினால், எழுதியது எழுதியபடி கிளம்பிப் போய்விடும். ஒருநாள் ஒரு கேப்டனுக்கு 'மதிப்பிற்குரிய' என்று மட்டும் அடித்துவிட்டு, அவர் பெயரில் இரட்டைப் புள்ளி வைக்கப் போனவளின் விரல் எஸ் மேல் உட்கார்ந்துவிட்டது. கேப்டன் நடுக்கடலில் இருந்து பதில் போட்டார்: 'மரியாதை கிடைத்தது. மீதிக்குக் காத்திருக்கிறேன்.' அதை அலுவலகத்தில் வெகுநாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவள் அவள்தான்.

இன்னொரு வேடிக்கை. அந்த எண்கள் அவளுக்குத் தெரியாது. காலேஜில் படிக்கிற மகள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வம்புக்கு இழுத்தாள். "அம்மா, தலையில ரெண்டு புள்ளி வச்ச யூவுக்கு என்ன நம்பர்?" அவள் விழித்தாள். பிறகு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு மேசையின் மேல் விரல்களைத் தட்டவிட்டாள். தட்டிய விரல்களை அவளே பார்த்து, "பூஜ்யம்... ரெண்டு... அஞ்சு... ரெண்டு," என்று வாசித்தாள். "எனக்குத் தெரியாதுடி, விரலுக்குத்தான் தெரியும்," என்றாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவனுக்கு அப்போதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. தோன்றியது வேறொரு நாள். அவளுடைய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது என்று அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். மதியம் வேலை முடிந்ததும் மேலே ஏறி எட்டிப் பார்த்தான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலையாக இருந்தாள். அவன் வந்ததைக் கவனிக்கவில்லை. இடது கட்டைவிரல் ஆல்ட்டில், வலது கை எண்களில். டக டக டக டக. ஓர் எழுத்து வந்து நின்றது. சாதாரண எழுத்துகள் ஓடின, மறுபடி டக டக டக டக. அவள் கீபோர்டைக் குனிந்தே பார்க்கவில்லை. அவன் பார்த்தான். அந்த எழுத்து அதில் எங்கேயும் அச்சடித்திருக்கவில்லை. மேலிருந்து கீழ்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். இல்லை. பட்டனே வைக்காத மாடியில் லிஃப்ட் போய் நின்று கதவைத் திறக்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. கூப்பிடாமலே திரும்பி இறங்கிவந்தான். இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவளை அன்றைக்குத்தான் முதலில் பார்த்ததுபோல் ஒரு பிரமிப்பு. வீட்டில் இதைச் சொன்னானா என்றால், சொல்லவில்லை. கேலி செய்தே பழகிய வாய் அது.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் காலையில் மகளை யார் என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். பல நாள் கண்ணாடி அறைக்குள் குழாய்களுக்கு நடுவே கிடந்தாள். பிழைப்பாளா என்பதே கேள்வியாக இருந்தது. பிழைத்தாள். குழாய்களை எடுத்தார்கள், வார்டுக்கு மாற்றினார்கள், கண்ணைத் திறந்தாள்.

திறந்தாளே தவிர, அந்தக் கண்ணுக்குள் ஆள் இல்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. ஊட்டினால் விழுங்கினாள். "கையைத் தூக்குங்க, கண்ணை மூடுங்க," என்று நர்ஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சுவருக்குச் சொன்ன மாதிரிதான். மகள் காதருகே உட்கார்ந்து பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டாள். அவன் கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டே இருந்தான். எந்த இடத்தில் வயர் அறுந்திருக்கிறது என்று தேட, இதில் அவனுக்கு மூடியைக்கூடத் திறக்கத் தெரியாது.

டாக்டரம்மா நல்ல மாதிரி. சுற்றி வளைக்காமல் சொன்னார். "சார், இங்க பயிற்சிப் பிரிவு இருக்கு. பேச, நடக்க எல்லாம் திரும்பச் சொல்லிக் குடுப்பாங்க. ஆனா கட்டில் கம்மி. புரிஞ்சு பதில் செய்யறவங்களைத்தான் எடுப்பாங்க. வெள்ளிக்கிழமை நான் பார்த்து எழுதணும். இவங்க இப்படியே இருந்தா, ஊருக்கு வெளியில ஒரு இல்லம் இருக்கு, அங்கதான் அனுப்பணும். நல்லாப் பாத்துக்குவாங்க. பயிற்சி மட்டும் இருக்காது."

"அங்க போனவங்க திரும்பி வருவாங்களா டாக்டர்?"

டாக்டரம்மா அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அதுவே பதில் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

அன்று மதியம்தான் அவன் அவள் கைகளைக் கவனித்தான். போர்வையின் மேல் விரல்கள் துடித்துக்கொண்டிருந்தன. முன்பும் துடித்தனதான். நரம்புத் துடிப்பு, அப்படித்தான் இருக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். இன்றைக்கு உற்றுப் பார்த்தான். இடது கட்டைவிரல் அழுந்துகிறது. வலது கை டக டக டக டக. கொஞ்சம் ஓய்வு. மறுபடி கட்டைவிரல், மறுபடி டக டக டக டக. ஜன்னலோர மேசையும் அவள் முதுகும் அவன் கண்முன் வந்து நின்றன.

"இங்க வாயேன்," என்று மகளைக் கூப்பிட்டான். "உங்கம்மா மெயில் அடிக்கிறா."

மகள் உடனே தன் லேப்டாப்பைத் திறந்து கட்டில் மேசைமேல் வைத்தாள். அம்மாவுக்குப் பழகிய இடமாக இருக்கட்டும் என்று மெயிலையே திறந்து, புது மெயில் ஒன்றை விரித்துவைத்தாள். அம்மாவின் கைகள் அதன்மேல் ஏறின. இடது கட்டைவிரல் சரியாகப் போய் ஆல்ட்டில் உட்கார்ந்தது. வலது கை நகர்ந்து, நகர்ந்து, லேப்டாப்பின் ஓரத்தையும் தாண்டி, வெறும் மேசைப் பலகையில் தட்டியது. திரையில் ஒன்றும் வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் அவர்களுக்காக வருத்தப்பட்டு, "விடுங்க சார், ரொம்ப அலட்டிக்க வேணாம்," என்றார்.

அவன் பலகையைத் தட்டும் அந்த வலது கையையே பார்த்தான். லிஃப்ட் வேலையில் இது அவனுக்குத் தெரிந்த சங்கதி. ஆள் சரியான இடத்தில்தான் அமுக்குகிறார், அங்கே பட்டன் இல்லை. "உன்னுதுல அந்தப் பக்கம் நம்பர் எங்க?" என்று கேட்டான்.

மகள் தன் லேப்டாப்பைப் பார்த்தாள். சின்ன லேப்டாப். வலது ஓரத்தில் எண் பட்டன்களே கிடையாது. "அய்யோ அப்பா," என்றாள்.

அவன் வேலை உடுப்போடு துறைமுகத்துக்கு ஓடினான். மேனேஜர் ஒன்றும் கேட்காமல் அவள் மேசையில் இருந்த கீபோர்டைப் பிடுங்கி, வயரைச் சுருட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பக்கத்து ஆள் ஒரு மாதிரி பார்த்தார். வழியெல்லாம் அவன் கண் அந்தப் பட்டன்கள் மேலேயே இருந்தது. எண்களில் அச்சுத் தேய்ந்து போயிருந்தது.

கீபோர்டைச் செருகி அவள் மடியில் வைத்தார்கள். கைகள் போய் உட்கார்ந்தன. டக டக டக டக. திரையில் é. மறுபடி ஒன்று. ஒரு ñ. இரட்டைப் புள்ளி யூ. குறுக்கே கோடு போட்ட வட்டம். ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. சமையல்காரர்களும் கேப்டன்களும் பெயர்களின் நடுவில் வைத்திருக்கும் எழுத்துகள். அவள் முகத்தில் எதுவும் இல்லை, கண் எங்கேயோ இருந்தது, விரல்கள் மட்டும் உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை. எழுத்துக்கெல்லாம் நம்பர் போட்டு வைத்த அந்த முகம் தெரியாத ஆட்களையா, அவளையா, அந்த விரல்களையா?

டாக்டரம்மாவிடம் சொன்னார்கள். அவரும் அசந்துதான் போனார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "சார், இதைப் பாக்கறப்ப எனக்கே புல்லரிக்குது. ஆனா நான் உங்ககிட்ட பொய் சொல்லக்கூடாது. வருஷக்கணக்கா செஞ்ச வேலை கையில தங்கிடும். ஆள் இல்லாமலே கை செய்யும். எனக்கு வேணுங்கறது வேற. கேட்டா பதில், வேணாம்னு ஒரு தலையாட்டல், தப்பா நடந்தா அதைக் கண்டுபிடிக்கறது. ஏதாவது ஒண்ணு. அதைப் பாத்தா நான் எழுதிடுவேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. அதற்குமுன் இன்னொரு சங்கடமும் வந்தது. டிரிப்ஸ் ஏற்றிய இடது கை வீங்கிப்போய், மணிக்கட்டில் இருந்து விரல் நுனிவரை பஞ்சு வைத்துக் கட்டிவிட்டார்கள். டாக்டரம்மா ஃபைலோடு வந்து நின்றபோது அவளுக்கு ஒரு கைதான் இருந்தது. கீபோர்டை மடியில் வைத்தார்கள். வலது கை தட்டியது. ஆல்ட்டை அமுக்க ஆள் இல்லாததால் திரையில் வெறும் எண்கள் விழுந்தன. 0233. மறுபடியும் 0233. பெட்டிக்கடையில் எழுதித் தொங்கவிட்ட போன் நம்பர் மாதிரி அநாதையாக நின்றன.

"நான் பிடிச்சுக்கறேன்," என்றான் அவன்.

டாக்டரம்மா தலையாட்டினார். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தன் கட்டைவிரலை ஆல்ட் மேல் வைத்து அமுக்கினான். லிஃப்ட் கதவையே கையால் நெம்பித் திறக்கிற விரல் அது. அவள் தட்டினாள். டக டக டக டக. தட்டிவிட்டுக் கை நின்றது.

திரையில் ஒன்றும் வரவில்லை.

சரியாக அமுங்கவில்லை போல என்று அவன் இன்னும் அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. மகள் திரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கும் விளங்கவில்லை. டாக்டரம்மா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கட்டிலில் இருந்தவளின் வலது கை மெல்ல வந்து அவன் கட்டைவிரல் மேல் ஒரு தட்டுத் தட்டியது. இன்னும் பலமாக அமுக்கச் சொல்கிறாள் என்று நினைத்து, கீபோர்டே வளைகிற மாதிரி அமுக்கினான். மறுபடி தட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினான். இதை விட்டால் எல்லாம் போய்விடும் என்பதுபோல் பிடித்தான்.

அப்போது அவள் குனிந்து அவன் விரலைப் பார்த்தாள். அங்கிருந்து அவன் கையை, தோளை, முகத்தைப் பார்த்தாள். இத்தனை வாரமாக எங்கேயோ நிலைகுத்தியிருந்த அந்தக் கண்கள் வந்து அவன் முகத்தில் நின்றன. புருவம் சுருங்கியது. வறண்ட உதடு பிரிந்தது.

"வி... விடுங்க," என்றாள்.

துருப்பிடித்த கீல் திரும்புகிற சத்தம். அதில் கொஞ்சமும் சந்தேகமில்லாத எரிச்சல். அவன் சுட்டுக்கொண்டவன் போலக் கையை எடுத்தான். எடுத்த கணத்தில் திரையில் é வந்து நின்றது.

அந்தப் பட்டனை விட்டால்தான் எழுத்து வரும். பிடித்துக்கொண்டே இருந்தால் வராது. இதை அவனுக்கு யாரும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

மகள்தான் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். "அப்பாவைத் திட்டறாங்க டாக்டர். தப்பாப் பண்றாராம்."

டாக்டரம்மா ஃபைலைத் திறந்து நின்றபடியே எழுத ஆரம்பித்தார். என்ன எழுதுகிறார் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கோ இவர்களுக்காகக் காத்திருக்க நேரமில்லை. அவன் கட்டைவிரலைப் பிடித்து இழுத்து, மறுபடி அந்தப் பட்டனின் மேல் வைத்தாள். அவன் அமுக்கினான். நாலாவது தட்டு முடிந்ததும் விட்டான்.